முதல் கட்டத்தில் வந்து உட்கார்ந்த ~ குறி

“தம்பி, நான் ஒண்ணும் பண்ணலீங்க. பாதி எழுதும்போது அதுவாவே அழிஞ்சு போயிடுதுங்க. அழிஞ்ச பிறகு முதல் கட்டத்துல பாம்பு மாதிரி ஒரு கோடு வந்து உக்காந்துக்குது.”

கோவைப் பக்கம் ஒரு மோட்டார் உதிரிபாகக் கிடங்கில் சரக்குப் பதிவு பார்க்கும் அக்கா ஃபோனில் சொன்னது இது. அங்கே ஓடுவது, எழுத்துத் திரையில் கட்டங்கள் வரையவும் விசைகளை வாங்கவும் உதவும் என்கர்சஸ் நூலகத்தை வைத்து நான் சி மொழியில் எழுதிய நிரல். மவுஸ் கிடையாது, படங்கள் கிடையாது. கறுப்புத் திரையில் பன்னிரண்டு கட்டங்கள், கீழே ஒரு வரி மெனு, அவ்வளவுதான். வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான இடைமுகம் இல்லை என்பது, அந்த அக்கா கண்ணை எடுக்காமல் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பில்களை ஏற்றுவதைப் பார்த்தால் புரியும். அப்படிப்பட்டவர் எழுதியது பாதியில் அழிகிறது என்றால் அது சின்ன விஷயமில்லை.

நான் முதலில் நினைவகத்தைச் சந்தேகப்பட்டேன். எங்கோ ஒரு அணி எல்லை தாண்டி எழுதுகிறது, அதனால் கட்டங்கள் காலியாகின்றன என்று முடிவு கட்டி, சேமிக்கும் பகுதி முழுவதையும் வரி வரியாகப் படித்தேன். நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவியை ஓட்டினேன். அது சொன்னது, என்கர்சஸ் கடைசிவரை கையில் வைத்துக்கொள்ளும் நினைவகத்தைப் பற்றி மட்டும்தான். என் மேசையில் ஒரு தடவைகூட அந்தப் பிழை வரவில்லை. நாலு நாள் போயிற்று. “பாம்பு மாதிரி கோடு” என்று அக்கா சொன்னதை நான் ஒரு அடையாளமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பயன்படுத்துகிறவர் சொல்லும் விசித்திரமான சின்ன விவரம்தான் பெரும்பாலும் பிழையின் கையெழுத்து. அதை அப்படியே, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வைத்திருந்தால் முதல் நாளே வேறு பக்கம் தேடியிருப்பேன்.

டெர்மினல் நிரலில், அதாவது எழுத்துத் திரையில் ஓடும் நிரலில், பிழை தேடுவது ஏன் இவ்வளவு சிரமம் என்றால், நடுநடுவே ஒரு வரியை அச்சிட்டுப் பார்க்கும் பிரின்ட்எஃப் என்ற பழகிய ஆயுதம் அங்கே வேலை செய்யாது. கர்சஸ் (என்கர்சஸ் அதன் ஒரு வடிவம்) இரண்டு படங்களை மனதில் வைத்திருக்கிறது: இப்போது திரையில் என்ன இருக்கிறது என்று அது நம்பும் படம் ஒன்று, அடுத்து என்ன இருக்க வேண்டும் என்ற படம் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் டெர்மினலுக்கு அனுப்பும். நீங்கள் நடுவில் புகுந்து ஒரு வரியை அச்சிட்டால் அதற்கு அது தெரியாது. படமும் திரையும் பொருந்தாமல் போய், பார்க்கவந்த பிழையின் மேல் நீங்களே இன்னொரு குழப்பத்தைப் பூசிவிடுவீர்கள். நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் ஜிடிபி-யும் அதே டெர்மினலில் உட்கார்ந்தால் இரண்டும் ஒரே திரைக்காக அடித்துக்கொள்ளும். அதனால் நிரலை ஒரு டெர்மினலில் ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலிலிருந்து அதன் செயல் எண்ணைக் கொடுத்து ஜிடிபி-யை இணைப்பதுதான் ஒழுங்கான வழி. பிழைச் செய்திகளை மட்டும் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு அங்கே எழுதலாம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கோப்பில் நான் எதிர்பார்த்த இடங்களைப் பற்றித்தான் செய்தி இருக்கும். பிழையோ நான் எதிர்பார்க்காத இடத்தில் உட்கார்ந்திருந்தது.

இந்த நிலையில்தான் என்கர்சஸ் தானாகவே எழுதும் நாட்குறிப்பு நினைவுக்கு வந்தது. பில் ஜாயின் விஐ எடிட்டரில் இருந்த கர்சர் நகர்த்தும் பகுதியை ஆதாரமாக வைத்து பெர்க்லியில் கென் ஆர்னால்டு உருவாக்கியது பழைய கர்சஸ். பாவெல் கர்ட்டிஸ் எழுதிய பிகர்சஸிலிருந்து வளர்ந்தது என்கர்சஸ். அதை நீண்ட காலமாகப் பராமரித்துவருபவர் தாமஸ் டிக்கி. அந்த நூலகத்தை எழுதுகிறவர்கள் தங்கள் சொந்தப் பிழைகளைத் தேட உள்ளே வைத்துக்கொண்ட வசதிதான் ட்ரேஸ். நமக்காகச் செய்ததில்லை. ஆனாலும் நம் நிரலுக்கும் டெர்மினலுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை அதைவிட நேர்மையாகச் சொல்லக்கூடியது வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. மேனுவலில் கர்ஸ்-ட்ரேஸ் என்ற பக்கம் இருக்கிறது. படிக்கப் பத்து நிமிடம் போதும்.

ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். சாதாரணமாக லினக்ஸில் நிறுவப்பட்டிருக்கும் நூலகத்தில் இந்த ட்ரேஸ் வேலை செய்யாது. அதை இயக்கும் சூழல் மாறியை வைத்துவிட்டு, கோப்பு எதுவும் உருவாகவில்லையே என்று நான் ஒரு மணி நேரம் திகைத்து உட்கார்ந்திருந்தேன். பிழை தேடுவதற்கென்றே கட்டும் டீபக் வகை நூலகம் தனியாக வேண்டும். மூல நிரலை இறக்கி, டீபக் விருப்பத்தையும், தமிழ் போன்ற எழுத்துகளுக்கான அகல எழுத்து விருப்பத்தையும் போட்டு, என் வீட்டுக் கோப்புறைக்குள்ளேயே கட்டினேன். கணினியின் பொது நூலகத்தைத் தொடவே கூடாது, அதை நம்பி வேறு பல நிரல்கள் ஓடுகின்றன. அப்படிக் கட்டினால், வழக்கமான நூலகப் பெயரோடு கடைசியில் ஓர் அடிக்கோடும் ஜி எழுத்தும் சேர்ந்த இன்னொரு நூலகம் கிடைக்கும். நிரலை அதோடு இணைத்து மறுபடி கம்பைல் செய்தால் போதும். மூல வரி எதையும் மாற்ற வேண்டாம்.

அப்புறம் என்கர்சஸ்_ட்ரேஸ் என்ற சூழல் மாறிக்கு ஓர் எண்ணைக் கொடுத்து நிரலை ஓட்ட வேண்டும். மாறியின் பெயர் முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். நிரல் ஓடும் கோப்புறையிலேயே ‘ட்ரேஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு முளைக்கும். அடுத்த முறை ஓட்டினால் அதே கோப்பு மேலெழுதப்படும். எனவே பிழை வந்த ஓட்டத்தின் கோப்பை உடனே வேறு பெயருக்கு மாற்றிவிடுங்கள். ஒருமுறை நான் மாற்ற மறந்து, அரிதாக வந்த ஒரு பிழையின் முழுப் பதிவையும் இழந்தேன். இன்னொரு நல்ல விஷயம், அந்தக் கோப்பு வரிக்கு வரி உடனுக்குடன் எழுதப்படுகிறது. நிரல் திடீரென்று செத்துவிழுந்தாலும் கடைசி வரி அதில் இருக்கும்.

எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு வகைச் செய்திக்கும் ஒரு பிட். 8191 கொடுத்தால் எல்லாம் வரும். முதல் தடவை எல்லோரையும் போல நானும் 8191 கொடுத்தேன். ஐந்து நிமிடப் பதிவு வேலைக்குப் பிறகு திறந்தால், எடிட்டரே தடுமாறும் அளவுக்குக் கோப்பு பெருத்திருந்தது. திரையில் வைத்த ஒவ்வொரு எழுத்தும், நிறம் மாறிய ஒவ்வொரு கணமும், கர்சர் எந்த வழியாகப் போனால் சிக்கனம் என்ற கணக்கும் அதில் இருந்தன. எல்லாம் உண்மைதான், எனக்குத் தேவையானது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

கர்சஸ் செயல்கூறுகளை அழைத்ததை மட்டும் பார்க்க 32. விசைகள் உள்ளே வருவதைக் கவனிக்க 128. இரண்டையும் கூட்டினால் 160. இன்றுவரை நான் அதிகம் பயன்படுத்தும் எண் இந்த 160-தான். திரை வரைவதில் சிக்கல் என்றால் 31, அது திரைப் புதுப்பிப்பு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் தரும். டெர்மினல் விவரங்களை எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது என்ற சந்தேகத்துக்கு 2048. நிறமும் தடித்த எழுத்தும் வழிந்து அடுத்த கட்டத்துக்குப் போனால் 4096. பிழை எந்தப் பக்கம் என்று ஓர் ஊகம் வந்த பிறகுதான் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊகமே இல்லையென்றால் 32-இலிருந்து தொடங்குங்கள்.

சரி, அக்காவின் பிழைக்கு வருகிறேன். என் கணினியில் வராத பிழை என்பதால் கிடங்குக்கே போனேன். அவர் அமரும் கணினியில் டீபக் நூலகத்தோடு கட்டிய நிரலை வைத்து, 160 கொடுத்து, “அக்கா, வழக்கம் போல எழுதுங்க. அழிஞ்சா உடனே சொல்லுங்க, வேற எதையும் தொடாதீங்க” என்றேன். இருபது நிமிடம் கழித்து, “இதோ பாருங்க தம்பி, போச்சு” என்றார். முதல் கட்டத்தில் தனியாக ஒரு ~ குறி நின்றது. பாம்பு என்று அவர் சொன்னது அதைத்தான்.

கோப்பைத் திறந்து கடைசிப் பகுதிக்குப் போனேன். அழைப்பு ஒவ்வொன்றும் ஒரு திறக்கும் நெளிவு அடைப்போடு தொடங்கும். அது முடியும்போது ஒரு மூடும் நெளிவு அடைப்பும் பக்கத்தில் திரும்பிய மதிப்பும் வரும். விஐ-யில் திறந்தால் ஓர் அடைப்பின் மேல் நின்று % அழுத்தி அதன் ஜோடிக்குத் தாவலாம், நீளமான கோப்பில் இது பெரிய உதவி. ஒன்றுக்குள் இன்னொன்று அழைக்கப்பட்டால் வரியின் முன்னால் + குறி சேர்ந்துகொண்டே போகும். விசையை வாங்க நான் எழுதியது கெட்ச் என்றாலும் அங்கே இருப்பது டபிள்யூகெட்ச். கெட்ச் என்பது வெறும் மேக்ரோதான், கம்பைல் ஆகும்போது டபிள்யூகெட்ச் அழைப்பாக மாறிவிடும். முதலில் பார்க்கும்போது ‘இதை நான் எழுதவே இல்லையே’ என்று தோன்றும், குழம்ப வேண்டாம்.

விசைக்குக் காத்திருக்கும் டபிள்யூகெட்ச் அழைப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் எண்ணோடு திரும்பியிருந்தது. சாதாரண எழுத்துகளின் எண்கள், நடுநடுவே கீழ் அம்புக்கு 258. கடைசியில் நாலு எண்கள் அடுத்தடுத்து இப்படி வந்திருந்தன: 27, 91, 49, 126.

இந்த நாலையும் எழுத்தாக்கிப் பார்த்தேன். 27 எஸ்கேப். 91 சதுர அடைப்பு. 49 என்பது 1. 126 என்பது ~.

என் நிரலில் எஸ்கேப் அழுத்தினால் படிவத்தைச் சேமிக்காமல் மூடிவிட்டு மெனுவுக்குப் போகும். மெனுவில் [ என்பதற்கு அர்த்தம் எதுவுமில்லை, ஒதுக்கப்படும். மெனுவில் 1 என்றால் புதிய பதிவு, காலிப் படிவம் திறக்கும். அந்தக் காலிப் படிவத்தின் முதல் கட்டத்தில் ~ போய் விழும். எதுவும் அழியவில்லை. பழைய படிவம் மூடி, புதியது திறந்திருக்கிறது. இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதால் பார்ப்பவருக்கு எழுதியது தானாக அழிந்ததுபோலத் தெரிகிறது.

“அக்கா, அழியறதுக்கு முன்னாடி கடைசியா எந்த பட்டனை அமுக்குனீங்க?”

“கட்டத்தோட ஆரம்பத்துக்குப் போறதுக்கு ஹோம் அமுக்குனேனுங்க.”

ஹோம் விசைக்கு என்கர்சஸ் தர வேண்டிய எண் 262. கிடைத்ததோ நாலு தனித்தனி எழுத்துகள். ஏன் என்பதை இன்ஃபோகம்ப் கட்டளை ஒரே நிமிடத்தில் காட்டியது. இரண்டு டெர்மினல் பெயர்களைக் கொடுத்தால் அவற்றின் வரையறைகளில் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது பட்டியலிடும். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் வரையறையில் ஹோம் விசை என்பது எஸ்கேப்-ஓ-ஹெச். ஸ்கிரீன் என்ற இன்னொரு வரையறையில் அது எஸ்கேப்-[1~. கிடங்கில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது என்று சில வாரங்களுக்கு முன், இணைப்பு போனாலும் நிரலை ஓடவிட்டு வைத்திருக்கும் டிமக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தோம். டிமக்ஸ் தன் உள்ளே ஓடும் நிரலுக்கு ஹோம் விசையை [1~ வடிவத்தில்தான் அனுப்பும். ஆனால் அந்தக் கணினியின் பேஷ் ஷெல் அமைப்புக் கோப்பில், எப்போதோ யாரோ நிறம் வரவில்லை என்பதற்காக, டெர்மினலின் பெயரைச் சொல்லும் டெர்ம் மாறியை எக்ஸ்டெர்ம் என்று கட்டாயப்படுத்தும் ஒரு வரியை எழுதி வைத்திருந்தார்கள். டிமக்ஸ் ஒரு பெயரைச் சொல்ல, அந்த வரி அதை அழித்து வேறு பெயரைச் சொல்லியது. என்கர்சஸ் பாவம், சொன்ன பெயரை நம்பியது. எஸ்கேப், அடைப்பு, 1 வரை தனக்குத் தெரிந்த சில விசைகளோடு பொருந்தியதால் பொறுமையாகப் படித்தது. ~ வந்ததும் எதனோடும் பொருந்தவில்லை. எனவே முதல் எழுத்தான எஸ்கேப்பை எஸ்கேப்பாகவே கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாகத் தந்தது.

என் மேசையில் டிமக்ஸும் இல்லை, அந்த வரியும் இல்லை. நினைவகத்தில் நாலு வருடம் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

திருத்தம் மூன்று இடத்தில் செய்தேன். அமைப்புக் கோப்பிலிருந்த அந்த வரியை எடுத்தேன். டெர்ம் மாறியைக் கையால் வைக்கும் பழக்கம் நம் ஊர்க் கணினிகளில் ரொம்ப சகஜம். எங்கே பார்த்தாலும் எடுத்துவிடச் சொல்வேன், அதை வைக்க வேண்டியது டெர்மினலின் பொறுப்பு. இரண்டாவது, படிவத்தில் எழுதியது இருக்கும்போது எஸ்கேப் வந்தால் ‘மூடட்டுமா?’ என்று கேட்க வைத்தேன். ஒரே ஒரு பைட்டை நம்பி ஒருவரின் உழைப்பைத் தூக்கி எறியும்படி எழுதியிருந்தது என் தவறு, டெர்மினலின் தவறு இல்லை. மூன்றாவது, டிஃபைன்-கீ என்ற செயல்கூறைக் கொண்டு எஸ்கேப்-[1~ வந்தாலும் ஹோம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இது என்கர்சஸ் கூடுதலாகத் தரும் வசதி, எல்லா கர்சஸிலும் எதிர்பார்க்க முடியாது. தொலைவிலிருந்து இணையப் பயன்படும் புட்டி நிரலிலும் இதே கதைதான் நடக்கும்: இயல்பான அமைப்பில் அது தன் பெயரை எக்ஸ்டெர்ம் என்று சொல்லிக்கொண்டு ஹோம் விசைக்கு [1~ அனுப்பும். அதனால் மூன்றாவது திருத்தம் பிறகும் பல இடங்களில் கைகொடுத்தது.

இங்கே ஒரு பொறியைச் சொல்ல வேண்டும், நானும் இதில் மாட்டினேன். விசை என்ன அனுப்புகிறது என்று பார்க்கப் பலரும் கேட் கட்டளையை வி விருப்பத்தோடு ஓட்டி விசையை அழுத்திப் பார்ப்பார்கள். மேல் அம்பை அழுத்தினால் எஸ்கேப்-[ஏ என்று வரும். ஆனால் கர்சஸ் நிரலில், அம்பு போன்ற விசைகளை அடையாளம் காணும் கீபேடு வசதியை இயக்கும்போது டெர்மினல் வேறு நிலைக்கு மாறும், அதே விசை எஸ்கேப்-ஓ-ஏ என்று வரும். கேட் காட்டியதை நம்பி வரையறையோடு ஒப்பிட்டால், சரியாக இருக்கும் டெர்மினலையும் தப்பு என்று முடிவு செய்வீர்கள். முதலில் டிபுட் கட்டளைக்கு எஸ்எம்கேஎக்ஸ் கொடுத்து டெர்மினலை அந்த நிலைக்கு மாற்றிவிட்டு கேட் ஓட்டுங்கள், முடிந்ததும் ஆர்எம்கேஎக்ஸ் கொடுத்துத் திருப்பிவிடுங்கள்.

ட்ரேஸ் பழகிய பிறகு, பல மாதமாக ‘எப்போதாவது வரும்’ என்று ஒதுக்கி வைத்திருந்த இன்னொரு பிழையையும் எடுத்தேன். பொருள் பட்டியல் காட்டும் சின்னச் சாளரம் ஒன்று, சில நேரம் நின்று வேலை செய்யும், சில நேரம் வந்த வேகத்தில் காணாமல் போகும். 32 கொடுத்துப் பார்த்தபோது, டபிள்யூகெட்ச் வரிக்குக் கீழே + குறியோடு, திரையைப் புதுப்பிக்கும் ஒரு டபிள்யூரிஃப்ரெஷ் அழைப்பு இருந்தது. அதை நான் எழுதவில்லை, டபிள்யூகெட்ச்சே அழைத்திருந்தது. அதன் அடைப்புக்குள் இருந்த முகவரி சின்னச் சாளரத்தின் முகவரி இல்லை, அடிப்படைத் திரையின் முகவரி.

விஷயம் இதுதான். கெட்ச் என்று எழுதினால் விசையை அடிப்படைத் திரையின் பெயரில் வாங்குகிறோம். அந்தத் திரையில் இன்னும் காட்டப்படாத மாற்றம் ஏதாவது இருந்தால், விசைக்குக் காத்திருக்கும் முன் டபிள்யூகெட்ச் அதைப் புதுப்பித்துவிடும். புதுப்பித்தால், மாற்றம் பட்ட இடத்தின் மேல் வைத்த சின்னச் சாளரம் மறைந்துபோகும். மாற்றம் இல்லையென்றால் புதுப்பிக்காது, சாளரம் நிற்கும். என் நிரல் நிமிடத்துக்கொரு முறை கடிகாரத்தை மாற்ற அடிப்படைத் திரை முழுவதையும் அழித்து மறுபடி எழுதும். நிமிடம் மாறிய பிறகு பட்டியலைத் திறந்தவருக்கு அது மறையும், மற்றவருக்கு மறையாது. விசையை அந்தச் சின்னச் சாளரத்தின் பெயரிலேயே வாங்கும்படி மாற்றினேன், ஒரு வரித் திருத்தம். சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வரும் நிரல் என்றால், அந்த அடுக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் பேனல் நூலகத்துக்கே போய்விடுவது நல்லது. அந்த + குறியைப் பார்க்காமல் இதை யாரும் எனக்கு விளக்கியிருந்தாலும் மனதில் பதிந்திருக்குமா என்று தெரியவில்லை.

ட்ரேஸ் ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. எஸ்கேப் அழுத்தினால் ஒரு விநாடி கழித்துத்தான் வேலை செய்கிறது என்று குறை வந்தது. என்கர்சஸ் எஸ்கேப்புக்குப் பிறகு வேறு பைட்டுகள் வருகின்றனவா என்று இயல்பாக 1000 மில்லிவிநாடி காத்திருக்கும், அதனால் வரும் தாமதம். அந்தக் காத்திருப்பை 25 மில்லிவிநாடியாகக் குறைத்தேன். உள்ளூரில் பிரமாதமாக இருந்தது. மோசமான இணைப்பில் தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு அம்பு விசைகள் உடைந்தன, எஸ்கேப் ஒரு நேரமும் மிச்சம் இன்னொரு நேரமும் வந்து சேர்ந்ததால். இதைப் பிடிக்க 8191 கொடுத்து ஓட்டினால் பிழை வருவதே நின்றுவிட்டது. அத்தனை வரிகளைக் கோப்பில் எழுதுவதற்கு ஆகும் நேரத்தில் பின்னால் வரும் பைட்டுகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. 128 மட்டும் கொடுத்தபோது பிழை மறுபடி தெரிந்தது. நேரம் சம்பந்தப்பட்ட பிழைகளுக்கு எண்ணை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள்.

தமிழில் பொருள் பெயர் ஏற்றத் தொடங்கியதும் பத்திகள் கோணலாயின. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இருந்தாலும் ட்ரேஸ் காட்டிய ஒரு துண்டை மட்டும் சொல்கிறேன். ‘கீல்’ என்ற பொருளை 20 இட அகலப் பத்தியில் அச்சிட்டிருந்தேன். கோப்பில் அது இப்படி இருந்தது: \340\256\225\340\257\200\340\256\262\340\257\215, பிறகு எட்டு இடைவெளி. தமிழ் எழுத்தெல்லாம் எட்டின் அடிமான எண்களாகத்தான் வரும், ஒரு குறியீட்டுக்கு மூன்று எண். எண்ணிப் பாருங்கள், மொத்தம் 12 பைட். 20-இல் 12 போக மீதி 8 என்று அச்சிடும் செயல்கூறு கணக்குப் போட்டிருக்கிறது. அது பைட்டை எண்ணுகிறது, திரை இடத்தை எண்ணவில்லை. ஈகாரக் குறிக்கும் புள்ளிக்கும் என் கணினியில் அகலம் 0, ஆகவே கீல் திரையில் பிடிப்பது 2 இடம். தேவைப்பட்டது 18 இடைவெளி. ‘கால்’ என்று எழுதினாலும் அதே 12 பைட்தான், ஆனால் ஆகாரக் குறிக்கு அகலம் 1 என்பதால் 3 இடம். பைட் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அகல எழுத்துக்கு மாற்றி, அதன் திரை அகலத்தைக் கேட்டு, இடைவெளியை நாமே போட வேண்டும். அப்படியும் டெர்மினல் தன் கணக்கில் வேறு அகலம் வைத்திருந்தால் கர்சர் தள்ளித்தான் நிற்கும். டெர்மினலை மாற்றிப் பார்ப்பதைத் தவிர இதற்கு என்னிடம் மருந்தில்லை. இதற்கெல்லாம் முன்னால், நிரலின் முதல் வரியில், கணினியின் மொழி அமைப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லும் செட்லோக்கேல் அழைத்தீர்களா, அகல எழுத்து நூலகத்தோடு இணைத்தீர்களா என்று பாருங்கள். இவை இரண்டும் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் பயன்படாது.

டீபக் நூலகம் வைக்க அனுமதி கிடைக்காத கணினிகளும் இருக்கும். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு, இயங்குதளத்துக்கு அது விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸை இணைத்து, உள்ளீட்டைப் படிக்கும் ரீட் அழைப்புகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். என்கர்சஸ் விசைகளை ஒவ்வொரு பைட்டாகப் படிப்பதால் 33, பிறகு [, பிறகு 1, பிறகு ~ என்று வரிசையாகத் தெரியும். 33 என்பது எட்டின் அடிமானத்தில் எஸ்கேப், 27-தான் அது. நிரலுக்குள் என்ன முடிவெடுக்கப்பட்டது என்று இது சொல்லாது, ஆனால் டெர்மினல் என்ன அனுப்பியது என்ற சண்டையைத் தீர்த்துவைக்கும். நிரல் செத்து, அடிப்பது திரையில் தெரியாமல் டெர்மினல் கிறுக்குப் பிடித்து நின்றால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ரீசெட் என்று அடித்து என்டர் தட்டுங்கள், திரும்பிவிடும்.

இன்னொன்று மீதியிருக்கிறது, இதை நான் கிடங்கிலேயே உணர்ந்தேன். அக்காவின் ட்ரேஸ் கோப்பை ஆராய்ச்சிக்காக என் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, தொடக்கத்திலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நிரலுக்குள் நுழையும் திரையில் அவர் அழுத்திய ஒவ்வொரு விசையும் டபிள்யூகெட்ச் திருப்பிய எண்ணாக வரிசையாக நின்றது. திரையில் நட்சத்திரமாக மறைத்துக் காட்டிய கடவுச்சொல், கோப்பில் எழுத்து எழுத்தாகப் படிக்கும்படி இருந்தது. எனக்குத் தேவையான கடைசி நாற்பது வரிகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, முழுக் கோப்பை இரண்டு இடத்திலும் அழித்தேன். டீபக் நிரலையும் அந்தக் கணினியிலிருந்து எடுத்துவிட்டேன். “அக்கா, உங்க பாஸ்வேர்டை இப்பவே மாத்திடுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன்” என்றேன். மாற்றினார். அப்புறம் ஒரு பில்லை எடுத்துப் பாதி எழுதி, ஹோம் அழுத்திப் பார்த்தார். கர்சர் கட்டத்தின் தொடக்கத்துக்குப் போய் நின்றது.